மருதமுனைச் சாறியும் மஞ்சள் அடித்த மொனிட்டரும்: பிறவுசரில் நிறம் பிழைத்தால் எங்கே கை வைப்பது?

மருதமுனையில் கைத்தறிச் சாறி விற்கிற நானா ஒருவருக்கு நான்தான் படம் எடுத்துக் கொடுப்பது. கல்லடியில் கல்முனை பஸ் ஏறி, பெரியநீலாவணை தாண்டியதும் இறங்கி, கடை வாசல் நிழலில் சாறியை விரித்துப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, இரவு வீட்டில் இருந்து திருத்தி அவருடைய ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஏற்றுவேன். கன காலம் ஒரு முறைப்பாடும் இல்லை. பிறகு நான் மொனிட்டரை மாற்றினேன். மாற்றி மூன்றாம் கிழமை நானா கோல் எடுத்தார்.

"தம்பி, படத்துல மெரூன், பார்சலப் பிரிச்சா செங்கல் கலர் எண்டு சொல்றாங்க. ரெண்டு சாறி திரும்பி வந்துட்டு. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஏனென்றால் என்னுடைய திரையில் அந்தச் சாறி அச்சொட்டாகச் செங்கல் நிறம்தான். கமராவைப் பார்த்தேன், லென்ஸைப் பார்த்தேன், கடை வாசல் கூரைத் தகரத்தின் நிறம் சாறியில் விழுகிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பிடிபட்டது மொனிட்டரின் ட்ரைவரை ஏற்றும்போது கூடவே ஏறிய ஒரு சின்னக் கோப்பு. ஐசிசி புரொஃபைல் என்பார்கள், இந்தத் திரை நிறங்களை எப்படிக் காட்டும் என்று மென்பொருளுக்குச் சொல்கிற கோப்பு. எந்தக் கம்பனி மொனிட்டர் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் கோப்பு பிழை. போட்டோஷொப்பும் பிறவுசரும் அதை நம்பி எல்லாப் படத்தையும் மஞ்சளாகக் காட்டின, நான் அந்த மஞ்சளை எடுக்க நீலத்தைக் கூட்டினேன், என் திரையில் எல்லாம் சரியாகிவிட்டது, ஊரில் மற்ற எல்லோருடைய திரையிலும் செங்கல் மெரூன் ஆகிவிட்டது.

இதே சிக்கலில் நிற்கிறவர்கள் கன பேர் இருப்பார்கள், பலருக்குத் தாங்கள் அதில் நிற்கிறோம் என்பதே தெரியாது. அதனால் எங்கே தொடங்கி எங்கே போக வேண்டும் என்று எழுதுகிறேன். விண்டோஸை வைத்தே சொல்கிறேன். மெக் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒரு வரி வரும்.

தராசும் அதில் ஒட்டிய துண்டும்

சந்தையில் ஒரு தராசு 50 கிராம் கூடக் காட்டுகிறது என்று வையுங்கள். மீன்காரர் ஒரு துண்டில் "50 கிராம் கழிக்கவும்" என்று எழுதித் தராசில் ஒட்டிவிட்டார். இனி அதில் யார் நிறுத்தாலும் துண்டை வாசித்துக் கழித்துக்கொண்டால் நிறை சரி. மொனிட்டர் புரொஃபைல் என்பது அந்தத் துண்டுதான். இந்தத் திரையின் சிவப்பு இப்படிப்பட்ட சிவப்பு, பச்சை இப்படி, நீலம் இப்படி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு இவ்வளவு வேகத்தில் ஏறும் என்று அதில் எழுதியிருக்கும். நிற மேலாண்மை தெரிந்த மென்பொருள் அதை வாசித்து, படத்தின் எண்களை அந்தத் திரைக்கு ஏற்றமாதிரி மாற்றி அனுப்பும். துண்டு தானாக மொனிட்டரைத் திருத்தாது, இதை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். வாசிக்கிறவன் வாசித்தால்தான் அதற்கு வேலை.

இப்போது அதே துண்டை யாரோ கொண்டுபோய் ஒழுங்கான வேறொரு தராசில் ஒட்டிவிட்டால் என்ன நடக்கும்? கவனமாக வாசித்துக் கழிக்கிறவர் பிழையாக நிறுப்பார். துண்டைக் கண்டுகொள்ளாதவர் சரியாக நிறுப்பார். என் கொம்பியூட்டரில் நடந்தது இதுதான். பெயின்ட் போன்ற, புரொஃபைலைப் பார்க்காத மென்பொருள் படத்தை உள்ளபடி காட்டியது. போட்டோஷொப், குரோம் எல்லாம் ஒழுங்காக வாசித்துப் பிழையாகக் காட்டின. நானோ, நாலு பெரிய மென்பொருள் ஒரே நிறத்தைச் சொல்லும்போது பெயின்ட் சொல்வதைக் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

இதற்கு அடுத்த பக்கம் ஒன்று உண்டு. படத்திலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கலாம்: இந்தப் படத்தின் எண்கள் இன்ன நிறவெளியில், அதாவது இன்ன நிற அளவுகோலில், எழுதப்பட்டவை என்று. இணையத்தில் வழக்கமானது எஸ்ஆர்ஜிபி. எச்பியும் மைக்ரோசொஃப்ட்டும் 1996இல் சேர்ந்து கொண்டுவந்தது, 1999இல் சர்வதேசத் தரமானது, அந்தக் காலத்து கண்ணாடிக் குழாய் மொனிட்டர்களை மனதில் வைத்துச் செய்தது. கமராவில் அடோபி ஆர்ஜிபி என்று இன்னொன்றும் இருக்கும், அது பச்சை, நீலப்பச்சைப் பக்கம் அகலமானது. ஆக பிறவுசருக்கு இரண்டு துண்டும் சரியாக இருக்க வேண்டும், பிறவுசர் இரண்டையும் வாசிக்கவும் வேண்டும். மூன்றில் ஒன்று பிழைத்தாலும் நிறம் பிழைக்கும். ஆனால் எது பிழைத்தது என்பதைப் பொறுத்துப் பிழையின் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

புரொஃபைல் எப்படி எப்படிப் பொய் சொல்லும்

முதல் வகை, கெட்டுப்போன புரொஃபைல். நல்ல மொனிட்டர் புரொஃபைல் ஒன்று வெள்ளையை வெள்ளையாகவும் சாம்பலைச் சாம்பலாகவும் விட்டுவிடும், நிறங்களைத்தான் திருத்தும். சாம்பலிலேயே மஞ்சளோ இளஞ்சிவப்போ பச்சையோ அடிக்கிறதென்றால் கோப்பு உள்ளுக்குள் பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய விண்டோஸ் போட்டோ வியூவரில் படத்தின் வெள்ளைப் பகுதிகள் எல்லாம் பழைய பத்திரிகைத் தாள் மாதிரி மஞ்சளாகத் தெரிந்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். கண்டுபிடிக்கச் சுகமான வகை.

இரண்டாவது வகை கள்ளன். கோப்பு ஒழுங்காக இருக்கும், சாம்பல் சாம்பலாகவே தெரியும், ஆனால் அது விவரிக்கிற திரை உங்களுடைய திரை இல்லை. சாதாரணத் திரையை அகல நிறத் திரை என்று புரொஃபைல் சொன்னால், மென்பொருள் "இந்தத் திரையில் சிவப்பு ஏற்கெனவே உக்கிரமானது, கொஞ்சம் குறைத்து அனுப்புவோம்" என்று குறைத்துவிடும். விளைவு, எல்லாப் படமும் வெயிலில் காய்ந்த துணி மாதிரி வெளிறிப் போகும். மாறாக அகல நிறத் திரையைச் சாதாரணத் திரை என்று சொன்னால் சிவப்பு கத்தும், முகங்கள் எல்லாம் வெயிலில் சுட்டமாதிரி இருக்கும். கல்யாணப் படம் எடுக்கிற நண்பர் ஒருவர் பொம்பிளையின் முகத்தை வடிவாக்கப் போய், அவருடைய திரை காட்டிய அதிகச் சிவப்பை எடுத்து எடுத்து, கடைசியில் அல்பம் பிறின்ட் ஆகி வந்தபோது பொம்பிளையின் முகம் காய்ச்சலில் வெளிறினமாதிரி இருந்தது. அவருக்கு அன்று விழுந்த பேச்சை எழுத முடியாது.

மூன்றாவதாக, வளைவுப் பிழை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுகிற வேகத்தைக் காமா என்ற எண்ணால் சொல்வார்கள், 2.2 என்பதுதான் வழக்கம். புரொஃபைல் அதை வேறுவிதமாகச் சொன்னால் நிழல்கள் அடைத்துப்போகும் அல்லது புகை பிடித்தமாதிரி வெளிறும். மெக் கொம்பியூட்டர்களே 2009இல் ஸ்னோ லெப்பர்ட் என்ற சிஸ்டம் பதிப்பு வரும்வரை 1.8ஐ வழக்கமாக வைத்திருந்தன. பழைய கோப்புகள் எங்காவது ஒட்டிக்கொண்டு கிடந்தால் இன்றைக்கும் அந்த வால் தெரியும்.

புரொஃபைலைச் சந்தேகிக்கும் முன்

முதலில் மொனிட்டரைப் போட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகு விண்டோஸின் நைட் லைட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், என்னிடம் "கலர் பிழை" என்று வந்த ஒருவருக்கு நான் செய்த வைத்தியம் முழுவதும் அந்த ஒரு பொத்தான்தான். கண்ணுக்கு இதம் என்று போட்ட நீல ஒளி வடிகட்டி மென்பொருள் எதுவும் ஓடக்கூடாது. அப்புறம் மொனிட்டரின் சொந்தப் பட்டனை அழுத்தி உள்ளே போனால் மூவி, கேம், விவிட் என்று பல முறைகள் இருக்கும். எஸ்ஆர்ஜிபி என்று ஒன்று இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாண்டர்ட், நிற வெப்பநிலை 6500. தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருந்தால் அணையுங்கள். கிராஃபிக்ஸ் கார்ட் மென்பொருளுக்குள்ளும் "நிறத்தைத் தூக்கலாக்கு" என்று ஒரு சறுக்கி ஒளிந்திருக்கும், அதையும் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இருக்கிற அறையும் ஒரு விஷயம். என் அறைச் சுவர் முந்தி கிளிப்பச்சை. பகல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரையில் விழுந்தால் கண் பச்சைக்குப் பழகிவிடும், பிறகு சாம்பலைப் பார்த்தால் இளஞ்சிவப்பு அடிக்கிறது என்று தோன்றும். வாவிப் பக்க யன்னலுக்கு நேரே மொனிட்டரை வைத்துக்கொண்டு நிறம் திருத்துவது காற்றில் மாவு சலிப்பது மாதிரி.

சோதனை

இனித்தான் உண்மையான வேலை. போட்டோஷொப்பிலோ கிம்பிலோ ஒரு புதுப் படம் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128 என்று வைத்துச் சாம்பலால் நிரப்புங்கள். எஸ்ஆர்ஜிபி புரொஃபைலை உள்ளே பதித்துச் சேமியுங்கள். பதிக்காமல் சேமித்தால் ஃபயர்ஃபொக்ஸ் அந்தப் படத்தைத் தொடாமலே விட்டுவிடும், ஏன் என்று கீழே வரும். இப்போது அதே கோப்பைப் பெயின்ட்டில் திறவுங்கள், பக்கத்தில் குரோமிலும் இழுத்துப் போடுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் என்றால் நல்லது, முதல் வகைப் பழுது இல்லை. குரோமில் மட்டும் மஞ்சளோ வேறு ஏதோ அடித்தால் குற்றவாளி மொனிட்டர் புரொஃபைல், மேலே வாசிக்காமல் நேரே அடுத்த பகுதிக்குப் போகலாம். இரண்டிலும் ஒரே மாதிரி மஞ்சள் அடித்தால் விஷயம் வேறு: அது புரொஃபைல் வாசிக்கிறதால் வந்ததில்லை, மொனிட்டரின் அமைப்போ, கேபிளோ, மேலே சொன்ன நைட் லைட்டோதான்.

இதை உறுதிப்படுத்த குரோமிலேயே ஒரு வழி இருக்கிறது. முகவரிப் பட்டையில் chrome://flags என்று அடித்து குரோம் ஃப்ளாக்ஸ் பக்கத்தைத் திறந்து "ஃபோர்ஸ் கலர் புரொஃபைல்" என்று தேடுங்கள். வழக்கமாக "டிஃபோல்ட்" என்று இருக்கும், அதாவது விண்டோஸ் சொல்கிற மொனிட்டர் புரொஃபைலை நம்பு. அதை எஸ்ஆர்ஜிபி ஆக்கி குரோமை மூடித் திறந்தால், துண்டை வாசிக்காதே, இது சாதாரண எஸ்ஆர்ஜிபி திரை என்று வைத்துக்கொள் என்று அர்த்தம். மஞ்சள் அந்தக் கணமே ஓடிவிட்டால் இனி வாதாட ஒன்றுமில்லை. பார்த்து முடிந்ததும் திரும்பவும் டிஃபோல்ட்டுக்கே மாற்றிவிடுங்கள். குரோமை மட்டும் ஏமாற்றி விட்டுவிட்டுப் போனால் போட்டோஷொப் இன்னும் அந்தப் பொய்யைத்தான் நம்பிக்கொண்டிருக்கும், பிறகு இரண்டுக்கும் இடையில் நிறம் ஒத்துவராமல் இன்னொரு கிழமை தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

புரொஃபைல் தரத்தை வகுக்கிற ஐசிசி அமைப்பின் தளத்தில் நாலு பகுதியாகப் பிரித்த ஒரு சோதனைப் படம் இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு புரொஃபைல், பிறவுசர் எல்லாவற்றையும் வாசித்தால் படம் ஒட்டுத் தெரியாமல் ஒன்றாக வரும், வாசிக்காவிட்டால் ஒரு பகுதி விசர் நிறத்தில் நிற்கும். நல்ல சோதனைதான். ஆனால் அது பிறவுசர் படத்தின் துண்டை வாசிக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். மொனிட்டரின் துண்டு உண்மையா பொய்யா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. நான் அந்தப் படம் அழகாக ஒட்டி வந்ததைப் பார்த்துவிட்டு "என் சிஸ்டத்தில் பிழையில்லை" என்று இரண்டு நாள் வீணாக்கினேன்.

இரண்டாம் வகைக் கள்ளனைப் பிடிக்கச் சாம்பல் போதாது. நிறமுள்ள படம் வேண்டும், ஒப்பிட நம்பக்கூடிய இன்னொரு திரையும் வேண்டும். ஐபோன் யாரிடமாவது இருந்தால் நல்லது, அவை தொழிற்சாலையிலேயே நன்றாக அளந்து வருகின்றன. ட்ரூ டோனையும் நைட் ஷிஃப்ட்டையும் அணைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்சங் என்றால் திரை அமைப்பில் விவிட்டை விட்டு நேச்சுரலுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட வரும். உங்களுடைய மொனிட்டரில் மட்டும் சிவப்பு வெளிறினாலும் கத்தினாலும் புரொஃபைல் வேறு திரைக்குரியது என்று சந்தேகிக்க இடமுண்டு. இரண்டு மொனிட்டர் பாவிக்கிறவர்கள் பிறவுசரை முதன்மை மொனிட்டரில் வைத்தே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எந்தத் துண்டை வாசிக்கிறது என்பதிலேயே குழப்பம் வரும்.

திருத்துவது

ஸ்டார்ட் மெனுவில் "கலர் மேனேஜ்மென்ட்" என்று அடித்தால் பழைய காலத்துச் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். முதல் தாளில் மேலே உங்கள் மொனிட்டரைத் தெரியுங்கள், இரண்டு இருந்தால் "ஐடென்டிஃபை மொனிட்டர்ஸ்" பட்டனை அழுத்தினால் எது 1, எது 2 என்று திரையில் பெரிதாகக் காட்டும். அதற்குக் கீழே "யூஸ் மை செட்டிங்ஸ் ஃபோர் திஸ் டிவைஸ்" என்ற பெட்டியில் சரி போடுங்கள். போடாவிட்டால் மற்றப் பட்டன்கள் எழும்பாது, இதில் தட்டுப்பட்டு விட்டுவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பட்டியலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மொனிட்டர் மொடலின் பெயர் மாதிரி ஒன்று இருக்கும், சிலவேளை அது உங்களுடைய மொடல் கூட இல்லை. அதன் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு "ரிமூவ்" கொடுங்கள். இங்கே எடுப்பது இந்த மொனிட்டரிலிருந்து மட்டும்தான் என்பதால் பயமில்லை, வேண்டுமானால் திரும்பச் சேர்க்கலாம். பிறகு "ஆட்" அழுத்தி வரும் பட்டியலில் எஸ்ஆர்ஜிபி ஐஇசி61966-2.1 என்பதைத் தெரிந்து சேர்த்து, "செட் அஸ் டிஃபோல்ட் புரொஃபைல்" கொடுத்துவிட்டால் முடிந்தது. பிறவுசர், போட்டோஷொப் எல்லாவற்றையும் மூடித் திறவுங்கள், அவை தொடங்கும்போதுதான் துண்டை வாசிக்கும். சாம்பல் படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

பட்டியலை வெறுமையாக விட்டாலும் விண்டோஸ் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். ஆனாலும் நான் வெளிப்படையாகச் சேர்த்துவிடுகிறவன், பிறகு பார்க்கும்போது யார் என்ன செய்தது என்று தெரியும். இன்னொரு எச்சரிக்கை: விண்டோஸ் மொனிட்டர் ட்ரைவரைப் புதுப்பிக்கும்போது பழைய புரொஃபைல் திரும்பி வரக்கூடும். பெரிய அப்டேட் ஒன்று ஓடிய பிறகு அந்தச் சின்ன ஜன்னலை ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.

சரி, எஸ்ஆர்ஜிபி என்பதும் உங்கள் மொனிட்டரைப் பற்றிய உண்மை இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், அது ஒரு ஊகம். ஆனால் நம்மிடம் உள்ள அலுவலக, வீட்டு மொனிட்டர்கள் எஸ்ஆர்ஜிபிக்குக் கிட்டத்தான் செய்யப்படுகின்றன, அதனால் அந்த ஊகத்தின் பிழை சிறிது. துண்டு ஒட்டாத தராசு சில கிராம் பிழைக்கும், பிழையான துண்டு ஒட்டிய தராசு நூறு கிராம் பிழைக்கும்.

அகல நிற மொனிட்டர், அடோபி ஆர்ஜிபி 99 சதவீதம், டிசிஐ பி3 95 சதவீதம் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்களே அது, வைத்திருக்கிறவர்கள் மட்டும் மேலே சொன்னதை அப்படியே செய்யாதீர்கள். அந்தத் திரைக்கு எஸ்ஆர்ஜிபி என்று துண்டு ஒட்டினால் இரண்டாம் வகைப் பொய்யை நீங்களே எழுதுகிறீர்கள். மொனிட்டரின் உள் மெனுவில் எஸ்ஆர்ஜிபி முறையைப் போட்டு, அதனோடு எஸ்ஆர்ஜிபி புரொஃபைலை வைத்தால்தான் இரண்டும் பொருந்தும். இணையத்துக்கு மட்டும் படம் செய்கிறவருக்கு அது தாராளம்.

மெக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதிக்குள் கலர் புரொஃபைல் பட்டியல் இருக்கிறது, வெளி மொனிட்டர் பூட்டியிருந்தால் அதற்குரியதா என்று மட்டும் பாருங்கள்.

ஃபயர்ஃபொக்ஸ் தனிக் கதை

குரோம் துண்டில்லாத படத்தையும் பக்கத்தின் பின்னணி நிறத்தையும் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஃபயர்ஃபொக்ஸ் அப்படியில்லை. 2009இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து, புரொஃபைல் பதித்த படங்களுக்கு மட்டும் நிற மேலாண்மை செய்வதை வழக்கமாக வைத்திருக்கிறது. மற்றவை நேரே திரைக்குப் போகும். இதனால்தான் சில பக்கங்களில் படத்தின் வெள்ளி நிறப் பின்னணியும் பக்கத்தின் வெள்ளி நிறமும் ஒரே எண்ணாக இருந்தும் நடுவில் ஒட்டுப் போட்டமாதிரி ஒரு கோடு தெரியும். கடையின் இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்த பெடியனோடு இதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள், அவர் மேல் பிழையில்லை.

மாற்ற வேண்டுமானால் முகவரிப் பட்டையில் about:config என்று அடித்து அபௌட் கொன்ஃபிக் பக்கத்தைத் திறந்து கலர் மேனேஜ்மென்ட் என்று தேடுங்கள், இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளிக்குப் பதிலாகக் கீழ்க்கோடு, கலரை அமெரிக்கர் எழுதுகிறமாதிரி யு எழுத்து இல்லாமல். நமக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் வராது. வருகிற வரிகளில் மோட் என்று முடிகிற ஒன்று இருக்கும். 0 என்றால் நிற மேலாண்மையே வேண்டாம், 2 என்பது வழக்கம், 1 என்றால் எல்லாவற்றுக்கும். நான் 1இல் வைத்திருக்கிறேன். ஆனால் மொனிட்டர் புரொஃபைலைச் சரிசெய்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும், பொய்ப் புரொஃபைலோடு 1 போட்டால் முந்திப் படம் மட்டும் மஞ்சள், இப்போது பக்கம் முழுவதும் மஞ்சள். சோதனைக்கு 0 நல்லது, குரோமில் எஸ்ஆர்ஜிபியைத் திணித்துப் பார்த்த அதே பரீட்சை.

அங்கேயே டிஸ்ப்ளே புரொஃபைல் என்று முடிகிற வரியில் ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்தால் விண்டோஸ் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பாவிக்கும். அலுவலகக் கொம்பியூட்டரில் கலர் மேனேஜ்மென்ட் ஜன்னலைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால் இது ஒரு கள்ள வழி. புரொஃபைல் கோப்புகள் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், ட்ரைவர்ஸ், கலர் என்று உள்ளே உள்ளே போனால் கிடக்கும். இன்னொரு வரி வி4, அதாவது நாலாம் பதிப்பு வகைப் புரொஃபைல்களை வாசிக்கிறதா என்பதற்கு. பழைய பதிப்புகளில் அது அணைந்திருக்கும், அப்படியானால் அதை ட்ரூ ஆக்குங்கள்.

அளக்கிற கருவி வாங்கலாமா?

காசு இருந்தால் வாங்குங்கள். ஸ்பைடர், கலிபிரைட் என்று திரையில் வைத்து அளக்கிற சின்னக் கருவிகள் வருகின்றன. அவற்றோடு ஆர்கில், டிஸ்ப்ளேகால் போன்ற இலவச மென்பொருளும் வேலை செய்யும். உண்மையான துண்டு எழுதுவதற்கு இது ஒன்றுதான் வழி, மற்ற எல்லாம் ஊகம். ஒரு ஸ்ரூடியோ தனியாக வாங்கத் தேவையில்லை, நாலு பேர் சேர்ந்து வாங்கி மாதத்துக்கு ஒரு தரம் கை மாற்றிக்கொண்டால் போதும், மொனிட்டர் ஒவ்வொரு நாளும் மாறுகிற சாமான் இல்லை. புரொஃபைல் செய்யும்போதே இரண்டாம் பதிப்பு வகை, மெட்ரிக்ஸ் வகை என்று தெரியுங்கள், பிறவுசர்கள் அதைத்தான் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

கருவி இல்லாவிட்டால் விண்டோஸிலேயே "கலிபிரேட் டிஸ்ப்ளே கலர்" என்று ஒன்று உண்டு, கண்ணால் பார்த்துச் சறுக்கியை நகர்த்துவது. காமாவையும் சாம்பல் சமநிலையையும் கொஞ்சம் சீராக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் உங்கள் மொடலுக்கு யாரோ அளந்து போட்ட புரொஃபைல் கிடைக்கும், அதை எடுத்துப் போடுவது எனக்குச் சரிப்படாது. ஒரே மொடலில் இரண்டு திரை ஒரே மாதிரி இருக்காது, அவர் வைத்த வெளிச்சமும் நீங்கள் வைத்ததும் வேறு. அடுத்தவரின் மூக்குக் கண்ணாடி.

உங்கள் படம் வெளியே போகும்போது

மொனிட்டர் சரியான பிறகும் வேலை ஒன்று பாக்கி. கமரா மெனுவில் நிறவெளி எஸ்ஆர்ஜிபியா என்று பாருங்கள். கனொன், நிகொன் கமராக்களில் கோப்பின் பெயர் கீழ்க்கோட்டில் தொடங்கினால் அது அடோபி ஆர்ஜிபியில் எடுத்தது என்று அடையாளம். அதைப் புரொஃபைல் இல்லாமல் இணையத்தில் ஏற்றினால் பார்க்கிறவருக்கு வெளிறித் தெரியும்.

ஏற்றுமுன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலைப் பதித்து ஏற்றுங்கள். விண்டோஸோடு வரும் எஸ்ஆர்ஜிபி கோப்பு 3,144 பைட் தான், பாரம் கூடும் என்று கவலைப்பட ஒன்றுமில்லை. போட்டோஷொப்பிலும் கிம்பிலும் "அசைன்", "கன்வேர்ட்" என்று இரண்டு கட்டளை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அசைன் என்றால் நிறுக்காமலே துண்டைக் கிழித்து வேறு துண்டு ஒட்டுவது, கன்வேர்ட் என்றால் திரும்ப நிறுத்துப் புது நிறையை எழுதுவது. உங்களுக்கு வேண்டியது கன்வேர்ட். படத்துக்குள் மொனிட்டர் புரொஃபைலைப் பதிக்கிற பிழையையும் கன பேர் செய்கிறார்கள். அது உங்கள் வீட்டுத் தராசின் துண்டை வாடிக்கையாளரின் மீனில் ஒட்டி அனுப்புகிற வேலை.

வாங்குகிறவருடைய போனை நாம் திருத்த முடியாது. விவிட் முறையில் இருக்கிற போனில் எல்லாச் சிவப்பும் கத்தத்தான் செய்யும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும், நிறம் முக்கியமான இடத்தில் டொகியுமென்ட்டாக அனுப்புங்கள். மயில் நீலம் மாதிரியான சில சாயங்கள் எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கவே அடங்காது, அதை எந்தப் புரொஃபைலாலும் காட்ட முடியாது. டியூப் லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் ஒன்றாகவும் தெரிகிற நூலும் உண்டு. அதனால் இப்போது சாறியோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைத்து ஒரு படம் கூடுதலாக எடுக்கிறேன், நானா கீழே "செங்கல் சிவப்பு, கரை நாவற்பழக் கலர்" என்று சொல்லாலும் எழுதுகிறார். கடைக்கு வருகிற பொம்பிளையளுக்கு அவர் வாயால் சொல்கிற அதே சொல்.

திரும்பி வந்த இரண்டு சாறியில் ஒன்றை நானே காசு கொடுத்து வாங்கி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். மற்றதும் என்னிடம்தான், மொனிட்டர் மேசை லாச்சிக்குள் மடித்துக் கிடக்கிறது. விண்டோஸ் அப்டேட் ஓடிய அடுத்த நாள் காலை அதை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் விரித்து, அதன் படத்தைக் குரோமில் திறந்து இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன்.